உச்சிக் கிளைப் பூச்சிகளைத் தரையிலிருந்தே பார்க்க

செங்கோட்டைப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் காடு. வேலியோரத்து நாவல் மரம் அறுபதடி இருக்கும். அதன் உச்சி காட்டு மரங்களோடு கலந்துவிட்டது. அங்கே வாழும் பூச்சிகளை அறிய நான் ஏணி தேடவில்லை. மேலே நடப்பதெல்லாம் கீழே விழுகிறது. அதை ஏந்த ஒரு பழைய வெள்ளை வேட்டி போதும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், ஓரத்து மரமே நிறையச் சொல்லும்.

சாயங்காலம் வேட்டியை நான்கு குச்சிகளில் முழங்கால் உயரத்துக்குக் கட்டுங்கள். தரையில் விரித்தால் விழுந்ததை எறும்பு இழுத்துப் போய்விடும். காலையில் மிளகு மாதிரி கறுப்பாகக் கிடப்பது பெரும்பாலும் புழுக்களின் எச்சம். ஒன்றை எடுத்து லென்ஸில் பாருங்கள். நீளவாக்கில் ஆறு பள்ளங்கள் ஓடினால், மேலே பெரிய அந்துப்பூச்சி ஒன்றின் புழு இலை தின்றுகொண்டிருக்கலாம். தேதி போட்டு எண்ணிக்கையை எழுதிவையுங்கள். உருண்டை நாளுக்கு நாள் பெருத்தால் புழு வளர்கிறது. சட்டென்று நின்றால் கூட்டுப்புழு ஆகியிருக்கும், இல்லை பறவை கொத்தியிருக்கும். காற்றில்லாத ராத்திரியில் எச்சம் விழும் சத்தம் தூறல் போலவே இருக்கும். முதல் தடவை கேட்டு நிமிர்ந்தால், வானம் முழுக்க நட்சத்திரம்!

பனாமாவில் டெர்ரி எர்வின் என்ற பூச்சி ஆய்வாளர் இதைப் பெரிய அளவில் செய்தார். ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சிக்குப் பூச்சிமருந்துப் புகையை அனுப்பி, விழுந்தவற்றைச் சேகரித்தார். வண்டுகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். வெப்பமண்டலத்தில் பூச்சி, சிலந்தி போன்ற கணுக்காலிகள் மட்டும் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982-இல் அவர் எழுதியது அதை வைத்துத்தான். நமக்கு மருந்து வேண்டவே வேண்டாம்.

கோடையில் அடிமரத்தையும் பாருங்கள். முதுகு பிளந்த பழுப்புத் தோல் ஒட்டியிருந்தால், மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்து வளர்ந்த சில்வண்டு மேலே குடியேறிவிட்டது.

சாரல் காலம்தான் எனக்குப் பிடித்தது. காற்றில் உச்சிக் கிளைகள் ஒடியும். காற்று நின்ற பிறகே மரத்தடிக்குப் போக வேண்டும். கிளையை வேட்டிமேல் வைத்து மெல்லத் தட்டுங்கள்; இலையின் அடிப்புறம், பட்டை இடுக்கு, ஒட்டியிருக்கும் பாசி எல்லாவற்றையும் பாருங்கள். அதே நாளில் பார்த்துவிட வேண்டும், தாமதித்தால் ஓடிவிடும்.

முசுறுக் கூடு விழுந்திருந்தால் பிரிக்காதீர்கள். எறும்புகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டிழையால் தைத்த வீடு அது. நீளக் கம்பால் நகர்த்தி அதே மரத்தின் அடியில் சாய்த்துவையுங்கள். கொஞ்ச நேரத்தில் குஞ்சுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கிவிடும்.