பச்சையாக இருப்பதெல்லாம் ஃபயர்-கிங் அல்ல: ஜேடைட் துணைப்பொருள்களை இனம் காண்பது எப்படி?

அமெரிக்காவில் வீட்டுப் பழைய சாமான்களை விற்கும் கராஜ் சேல், எஸ்டேட் சேல் என்று சுற்றுகிறவர்கள் இந்தப் பச்சையைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பிஸ்தா பால் நிறத்தில், பளிங்குபோல் கனத்த கண்ணாடி; ஜேடைட் என்பது இதைத்தான். தட்டும் கப்பும் சாஸரும் எப்படியோ சேர்ந்துவிடும். தலைவலி அதற்கு அப்புறம்தான். உப்பு டப்பா, எலுமிச்சை பிழிவான், அளவு ஜக், கேக் ஸ்டாண்ட் என்று துணைப்பொருள் தேட ஆரம்பித்தால், பச்சையாக இருக்கும் எல்லாவற்றிலும் 'ஃபயர்-கிங்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். நானும் அப்படி ஒரு கேக் ஸ்டாண்டை வாங்கி ஏமாந்தவன்தான். அதன் கதை கீழே வருகிறது.

முதலில் யார் யார் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒஹாயோவின் லங்காஸ்டரில் இருந்த ஆங்கர் ஹாக்கிங் என்ற கண்ணாடிக் கம்பெனி, 1942-இல் ஃபயர்-கிங் பெயரில் பாத்திரங்களைக் கொண்டுவந்தது. அதன் ஜேடைட் பச்சை 1940-களின் நடுவில் தொடங்கி 1970-களின் நடுவரை ஓடியது. அதில் விளிம்பில் கோடு கோடாக இருக்கும் ஜேன் ரே வரிசை 1945 முதல் 1963 வரை வந்தது. ஓட்டல்களுக்கென்று தடிமனாகச் செய்த ரெஸ்டாரன்ட் வேர் 1948-இல் தொடங்கி 1967 வரை வந்தது. ஆனால் இவர்களுக்கு முன்பே, 1930-களில், பென்சில்வேனியாவில் ஜெனெட் என்கிற ஒரே ஊரில் இரண்டு கம்பெனிகள் கிட்டத்தட்ட இதே பச்சையில் சமையலறைச் சாமான்களைச் செய்துவந்தன. ஒன்று மெக்கீ, இன்னொன்று ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட ஜெனெட் கிளாஸ். நம் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான். அவை போலி அல்ல, ஃபயர்-கிங்கைவிட மூத்தவை. சீட்டுதான் பொய்.

படி 1: கவிழ்த்துப் பாருங்கள். வட்டத்துக்குள் McK என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் மெக்கீ. முக்கோணத்துக்குள் ஜே எழுத்து இருந்தால் ஜெனெட். ஃபயர்-கிங் என்று எழுதியிருந்தாலும் உடனே துள்ள வேண்டாம், முழுதாகப் படியுங்கள். கூடவே 2000 என்று இருந்தால் அது அந்த ஆண்டு ஆங்கர் ஹாக்கிங்கே செய்த மறுவெளியீடு. ஜப்பான் என்று இருந்தால் 2011-க்குப் பிறகு அங்கே செய்தது. எம்பிஎம் (MBM) என்ற மூன்று எழுத்து இருந்தால், சமையல், வீட்டு அலங்காரத்தில் பேர்பெற்ற மார்த்தா ஸ்டூவர்ட் தபால் வழியாக விற்ற புதுச் சாமான். முத்திரையே இல்லையென்றால்? அதுவும் நடக்கும். ஃபயர்-கிங் பாத்திரங்கள் பலவற்றில் ஒட்டுக் காகிதம் மட்டும்தான் இருந்தது; முதல் கழுவலிலேயே அது போயிருக்கும்.

படி 2: புற ஊதா டார்ச். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். 365 நானோமீட்டர் டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். 395 வந்தால் அதன் ஊதா வெளிச்சமே கண்ணைக் குழப்பிவிடும். பழைய மெக்கீ, ஜெனெட் கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கும். டார்ச் பட்டதும் உள்ளேயே விளக்குப் போட்டாற்போல் பச்சையாக எரியும். ஃபயர்-கிங் ஜேடைட் பொதுவாக அப்படி எரியாது, மங்கலாகவே நிற்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு யுரேனியத்தைக் கட்டுக்குள் வைத்தது. ஃபயர்-கிங் ஜேடைட் சந்தைக்கு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

ஒரு எலுமிச்சை பிழிவானை எடுத்துக்கொள்வோம். சீட்டில் ஃபயர்-கிங். வெளிப்பக்கம் சன்கிஸ்ட் என்ற பழ விற்பனைப் பெயர் புடைத்த எழுத்தில், கூடவே 18764 என்ற காப்புரிமை எண். டார்ச் அடித்தால் எரிகிறது. சந்தேகமே வேண்டாம், ஆரஞ்சு, எலுமிச்சை விற்பனைக்காக மெக்கீ செய்து கொடுத்தது அது. ஆனால் எரிந்தால் பழசு என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். யுரேனியம் கலந்த புதுக் கண்ணாடியும் சந்தையில் இருக்கிறது.

படி 3: 'இதை அவர்கள் செய்தார்களா?' என்று கேளுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தாண்டிப்போவது இந்தக் கேள்வியைத்தான், பணம் போவதும் இங்கேதான். என் கேக் ஸ்டாண்டுக்கு வருவோம். நிறம் சரி, கனம் சரி, டார்ச்சிலும் எரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஆங்கர் ஹாக்கிங் அந்தக் காலத்தில் ஜேடைட்டில் கேக் ஸ்டாண்டே போடவில்லை என்று. 1990-களில் இந்தப் பச்சைக்கு மறுபடி மவுசு வந்த பிறகு பிறந்தது அது. முட்டை மேல் கோழி உட்கார்ந்திருக்கும் மூடிக் கிண்ணமும் அப்படித்தான்.

இதற்குப் பெரிய உதாரணம் வேறொரு செட்டில் இருக்கிறது. ஜெனெட் கம்பெனியின் செர்ரி பிளாசம் வரிசையில் குழந்தைகள் விளையாடும் சின்ன டீ செட் உண்டு. அதற்கேற்ற குட்டி வெண்ணெய்க் கிண்ணத்தை 1970-களில் யாரோ செய்து விற்றார்கள். அசல் செட்டில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை! நகல் எடுக்க அசலே இல்லாதபோது எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? அதனால் வாங்கும் முன் அந்த வரிசையின் பொருள் பட்டியலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

படி 4: விரலால் தடவுங்கள். ஐம்பது அறுபது வருடம் மேசையில் இழுபட்ட பாத்திரத்தின் அடிவளையம் மழுங்கி, சொரசொரப்பான மெல்லிய கீறல்களோடு இருக்கும். கீறல்கள் எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தால் யாரோ உப்புத்தாளில் தேய்த்திருக்கலாம். உப்பு டப்பாவின் உலோக மூடியை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். உப்பு அதை அரித்துவிடும் என்பதால் பழைய டப்பாவிலும் புது மூடி இருப்பது சகஜம். மூடியைத் திருகி எடுத்துக் கழுத்தைப் பாருங்கள், மூளி இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நிறத்தை வீட்டுத் தட்டோடு வைத்து ஒப்பிடுவது கடைசி வேலை. ஒரே கம்பெனியின் இரண்டு கப்புகளே ஒரே பச்சையில் இருக்காது.

ஆன்லைனில் வாங்குவதென்றால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: அடிப்பக்கம், பகல் வெளிச்சத்தில் முழு உருவம், இருட்டில் டார்ச் அடித்தது. மூன்றாவது படத்துக்குப் பதிலே வராவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள்.