ஆறில்லாத சீமையில் தண்ணீர் பார்க்க

வெளிநாட்டிலிருந்து வருகிற நம் ஆட்கள் பலர் மே மாதம் செட்டிநாட்டுக்கு வந்து, நாலு பெரிய வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு, "ஒரே பொட்டலா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மேயில் பொட்டல்தான். செம்மண், பனை, முந்திரி, சீமைக் கருவேல். தேனாறு, மணிமுத்தாறு என்று பெயருக்கு ஆறுகள் உண்டு. மழை பெய்தால்தான் அவற்றில் தண்ணீர்.

இங்கே விவசாயம் கண்மாயை, அதாவது ஏரியை, நம்பி. புரட்டாசி வாக்கில் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வரத்துக் கால்வாய் வழியே கண்மாயில் சேரும்; மடை வழியே வயலுக்குப் போகும்; மிஞ்சியது கலுங்கில் வழிந்து அடுத்த கண்மாய்க்கு. தை, மாசியில் அறுப்பு. அதனால் டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை வாருங்கள். சாயங்காலம் ஏதாவதொரு கண்மாய்க் கரையில் நடங்கள். எதிரே வருகிறவரிடம் "கலுங்கு பாஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டால் போதும், அந்த வருஷத்துக் கதை முழுவதும் வந்துவிடும். மழை பொய்த்த வருஷமென்றால் அந்தக் கதையும் வரும்.

ஊருணி வேறு. அது குடிதண்ணீருக்கு வெட்டியது. பல ஊர்களில் இன்றும் செருப்போடு படியில் இறங்கவோ கால் கழுவவோ விடமாட்டார்கள். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரிலிருந்து மதுரை சாலையில் கொஞ்ச தூரம். 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். பறவைகள் மிரளும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நீங்களும் காரில் பாட்டை அணைத்துவிட்டு இறங்குங்கள். விடிந்ததும் போவது நல்லது. பைனாகுலர் கையோடு வேண்டும்.

மலை வேண்டுமென்றால் சிங்கம்புணரிக்கு அப்பால் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை இதுதான் என்கிறார்கள். மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று உழாமலே கிடைக்கிற நான்கைக் கபிலர் பாடியது அந்தப் பறம்பைப் பற்றித்தான். அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடுங்கள். தண்ணீர் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

கவுனி அரிசி வாங்குவீர்கள், தெரியும். பர்மா போய்வந்தவர்களோடு வந்த கறுப்பரிசி என்பார்கள். முதல் நாள் இரவே ஊறவைக்காவிட்டால் வேகாது.

மேயில்தான் லீவு என்றால் அதற்கும் ஒரு வழி உண்டு. கண்மாய் வற்றும் அந்தச் சமயத்தில் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியற்காலையில் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலையோடு மொத்தச் சனமும் சேற்றில் இறங்கும். தேதி ஓரிரு நாள் முன்புதான் தெரியும்; டீக்கடையில் விசாரியுங்கள்.

திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையங்களிலிருந்தும் காரைக்குடி இரண்டு மணி நேரத்துக்குள். வேட்டங்குடிக்குப் போகிற அவசரத்தில் ரயிலில் திருப்பத்தூர் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூர். நம் திருப்பத்தூருக்குக் காரைக்குடியில் இறங்கி பஸ் ஏற வேண்டும்.