சுவரை உடைக்கும் முன் கதவைப் பாருங்கள்: 1950-60களின் வீட்டில் அறைகளை மாற்றியமைக்க

பழைய வீட்டைப் புதுப்பிக்க பிளான் போட்டுத் தருவது என் வேலை. 1950, 60களில் கட்டிய வீடு என்றால், வருகிறவர்கள் உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள்: "சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுத்துடணும்." எடுக்கலாம், அவசரமில்லை. கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் இருக்கிற இடத்தை நடக்கிற வழியே தின்றுவிடுகிறது.

நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் வீட்டை ஒரே தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் வளைகோடாகப் போடுங்கள். அப்புறம் சிவப்புப் பென்சிலை எடுத்து, தினமும் நடக்கிற வழிகளைக் கோடாக இழுங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கு, படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்கு, துணி காயப்போடப் பின்பக்கத்துக்கு. சிவப்புக் கோடு ஹாலைக் குறுக்கே வெட்டினால் அந்த ஹாலில் நிம்மதியாக உட்கார முடியாது, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

ஒரு வீட்டில் ஹாலின் நீளச் சுவர் 16 அடி. சமையலறைக் கதவு நட்டநடுவில், 3 அடி அகலம். இரண்டு பக்கமும் ஆறரை அடிதான் மிஞ்சியது. அவர்களுடைய சோபாவோ ஏழு அடி. அதனால் சோபா அறை நடுவில் நின்றது, எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். கதவை மூலைக்குத் தள்ளி, நிலைக்கு அரை அடி விட்டோம். பன்னிரண்டரை அடி முழுச்சுவர் கிடைத்தது. சுவரை எடுக்கும் பேச்சே அதன் பிறகு வரவில்லை. பாரம் தாங்கும் சுவரானால் புது வாசலுக்கு மேல் லிண்டல் வேண்டும், உடைக்கும்போது முட்டுக் கொடுக்க வேண்டும். முழுச் சுவரை எடுத்துப் பீம் போடுவதோடு ஒப்பிட்டால் சின்ன வேலைதான்.

சரி, சுவரை எடுத்தே ஆக வேண்டும் என்றால்? சீலிங்குக்கு மேலே இடம் இருந்தால் டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். மரச்சட்டங்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு சுவர் நின்று, சட்டங்கள் அதன் மேல் வந்து சேர்ந்தால், அது பாரம் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சட்டங்களோடு ஒரே திசையில் ஓடும் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. பெரும்பாலும்தான். கடைசி வார்த்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயருடையது; கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

தூணும் உத்தரமுமாகக் கட்டிய வீடுகளில் கூரையின் பாரம் தூண்கள் வழியே இறங்குவதால் உள்சுவர்கள் பல தடுப்புகள்தான். கலிபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் கட்டிய வீடுகள் இந்த வகை. சுதந்திரம் நிறைய, சிக்கல் வேறு இடத்தில். அங்கே சீலிங்காகத் தெரியும் பலகைதான் கூரையே. மேலே ஒயரை ஒளிக்க இடம் கிடையாது. சுவரை எடுத்தால் அதற்குள் ஓடிய சுவிட்ச் ஒயர் எங்கே போகும்? எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுக்க வேண்டும். அந்த வீடுகளில் சூடேற்றும் குழாய்களும் கான்கிரீட் தரைக்குள்ளேயே புதைந்திருக்கும். தரையை வெட்டுவதற்கு முன் ஹீட்டரை ஓடவிட்டு, தெர்மல் கேமராவில் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

டாய்லெட்டை முடிந்தவரை நகர்த்தாதீர்கள். கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்பது வழக்கமான கணக்கு. 12 அடி தள்ளினால் குழாய் 3 அங்குலம் இறங்க வேண்டும், அதற்குத் தரையை வெட்ட வேண்டும். பேசின், ஷவர், அலமாரி இவற்றை அதைச் சுற்றி மாற்றிப் போடுங்கள். பாத்ரூமுக்குப் பின்னால் தாழ்வாரத்து அலமாரி இருந்தால் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்பது அங்குலச் சதுரத் தரை டைல், அடியில் கருப்புப் பசை என்று பார்த்தால் கை வைக்காதீர்கள்; ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதித்த பிறகே உடைக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

சமையலறையை முழுதாகத் திறந்துவிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்தச் சுவரில் தொங்கிய அலமாரிகளும் கூடவே போகும். பாத்திரத்தை எங்கே வைப்பது? எனக்குப் பிடித்தது ஐந்து, ஆறு அடி அகலத்தில் ஒரு திறப்பு. வெளிச்சம் வரும், பேச்சும் கேட்கும், அலமாரியும் பாதியாவது மிஞ்சும். மேடைகளுக்கு நடுவே ஒருவர் சமைக்க 42 அங்குலமும் இருவருக்கு 48 அங்குலமும் விடுங்கள். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓவன் கதவைத் திறந்துவைத்து ஒருமுறை குனிந்து பாருங்கள். இடுப்பே பதில் சொல்லிவிடும்.

கதவைத் திறந்து மூடவே இடம் பற்றாத இடங்களில் சுவருக்குள் சறுக்கிப் போகும் கதவு போடலாம். அது உள்ளே போக, கதவளவு சுவரில் குழாயோ ஒயரோ இருக்கக் கூடாது. பாத்ரூமுக்கு மட்டும் அது வேண்டாம் என்பேன், சத்தம் அடங்காது.