பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் மார்க் போகும் இடங்கள்

பிளஸ் டூ வேதியியல் பிராக்டிக்கலில் கணக்கைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள், ஆனால் மார்க் போவது பெரும்பாலும் பியூரெட்டில்தான் (கீழே திறப்பு வைத்த நீளமான அளவுக் குழாய்). ஆக்சாலிக் அமிலத்தின் எடையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பியூரெட்டிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று அளந்து திறனை (செறிவை) காண்பதுதான் தரம்பார்த்தல்; இங்கே பெரஸ் சல்பேட்டை வைத்துப் பெர்மாங்கனேட்டின் திறனையும், பிறகு அதை வைத்து ஆக்சாலிக் அமிலத்தின் திறனையும் காண்கிறோம்.

முதலில் கழுவுதல். பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிய பிறகு கொஞ்சம் பெர்மாங்கனேட்டை விட்டு அலசிக் கொட்டிவிடுங்கள், பிப்பெட்டையும் (20 மில்லி அளந்து எடுக்கும் உறிஞ்சு குழாய்) அதில் எடுக்கப்போகும் கரைசலாலேயே அலசுங்கள். கூம்புக் குடுவைக்கு மட்டும் வாலை வடிநீர்தான். அதைக் கரைசலால் அலசினால் 20 மில்லியோடு உள்ளே ஒட்டியிருந்ததும் சேர்ந்து, அளவு கூடிவிடும். பியூரெட்டை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள், கீழ் முனையில் காற்றுக் குமிழி இருந்தால் குழாயை வேகமாகத் திறந்து விரட்டுங்கள். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ்ப்பிறை (திரவ மேற்பரப்பின் வளைவின் அடிப்பகுதி) தெரியாது, அதனால் எப்போதும் மேல் விளிம்பை, கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிப்பெட்டில் ஆக்சாலிக் அமிலத்தை வாயால் உறிஞ்ச வேண்டாம், அது விஷம், ரப்பர் பல்ப் கேளுங்கள். கடைசிச் சொட்டு நுனியில் நின்றால் நிற்கட்டும், ஊதாதீர்கள்.

முதல் தரம்பார்த்தல், திறன் தெரிந்த பெரஸ் சல்பேட்டோடு. 20 மில்லி எடுத்து, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சூடாக்காமல் செய்யுங்கள் (சூடாக்கினால் காற்றே பெரஸை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்). ஏன் கந்தக அமிலம்தான் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கண்டிப்பாகக் கேட்பார்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் போட்டால் பெர்மாங்கனேட் அதிலுள்ள குளோரைடைக் குளோரினாக மாற்றுவதிலும் செலவாகும், நைட்ரிக் அமிலமோ தானே ஓர் ஆக்சிஜனேற்றி.

இரண்டாவதில் ஆக்சாலிக் அமிலம். அமிலம் சேர்த்து 60–70 டிகிரி வரை சூடாக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. முதல் சில சொட்டுகளின் நிறம் சீக்கிரம் போகாது, இங்கேதான் நிறைய பேர் முடிவுநிலை (வினை முடிந்த கட்டம்) வந்துவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள். பொறுங்கள், குலுக்குங்கள்: வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே வினையூக்கியாக வேலை செய்வதால், கொஞ்சம் உண்டான பிறகு சொட்டு விழ விழ நிறம் மறையும். பழுப்பாகக் கலங்கினால் அமிலம் போதவில்லை அல்லது வேகமாக விட்டுவிட்டீர்கள், மாங்கனீஸ் டை ஆக்சைடு வந்துவிட்டது; அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு அடுத்ததைத் தொடங்குவதுதான் நல்லது.

முடிவைக் காட்டத் தனியாக நிறங்காட்டி தேவையில்லை. அரை நிமிடம் நிலைக்கும் வெளிர் இளஞ்சிவப்புதான் முடிவுநிலை, கத்தரிப்பூ நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒத்த அளவீடு கிடைக்கும்வரை திரும்பச் செய்யுங்கள், முதல் அளவைப் பார்த்து இரண்டாவதை எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

அப்புறம் கணக்கு, அது சுலபம். 0.1 நார்மல் (திறனின் அலகு) பெரஸ் சல்பேட் 20 மில்லிக்கு 19.6 மில்லி பெர்மாங்கனேட் ஆனது என்றால் அதன் திறன் 20 × 0.1 / 19.6, அதாவது 0.1020 நார்மல். ஆக்சாலிக் அமிலம் 20 மில்லிக்கு 21.0 மில்லி ஆனால் 21.0 × 0.1020 / 20 = 0.1071 நார்மல். சமான எடை (ஒரு லிட்டரில் கரைத்தால் 1 நார்மல் தரும் கிராம் அளவு) 63, அரை லிட்டருக்குக் கேட்டால் 0.1071 × 63 × 500 / 1000 = 3.374 கிராம். சமான எடையை 126 என்று போட்டுவிடாதீர்கள், அது படிக ஆக்சாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை, ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதால்தான் பாதி.

முடிந்ததும் பியூரெட்டை உடனே கழுவி வையுங்கள், காயவிட்டால் பழுப்புக் கறை கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும்.