யூஎஸ் ஹிஸ்டரி பேப்பர்: அரியர் வெச்சவன் சொல்றது

பிஏ ஹிஸ்டரி சேர்ந்தவங்க நிறைய பேர் மாட்டுற பேப்பர் இது, 1865-க்கு அப்புறம் வர்ற அமெரிக்கா. நானும் மாட்டுனேன். திருவல்லிக்கேணில ஒரு ஜெராக்ஸ் கடையில சீனியர் நோட்ஸ வாங்கி, பிரசிடென்ட் பேரு வரிசையா, நியூ டீல்ல (1930-கள்ல வந்த பொருளாதார வீழ்ச்சிய சமாளிக்க பிரசிடென்ட் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டு வந்த திட்டங்க) வந்த சிசிசி, டிவிஏ, டபிள்யூபிஏன்னு அமைப்புங்க பேரு எல்லாத்தையும் மொட்ட மனப்பாடம் பண்ணிட்டு போய் உக்காந்தா, நியூ டீல் யாரையெல்லாம் விட்டுட்டுச்சுன்னு கேட்டிருந்தாங்க. நான் யாருக்கெல்லாம் கெடச்சுதுன்னு நாலு பக்கம் எழுதிட்டு வந்தேன். அரியர். அத கிளியர் பண்ண திருப்பி உக்காந்து படிச்ச விதத்த தான் இங்க சொல்றேன்.

நோட்டோட மொத பக்கத்துல ரெண்டு வருஷம் எழுதிக்கோங்க, 1870, 1965. 1870-ல வந்த 15-வது சட்டத் திருத்தம், இனம், நிறம், முன்னாடி அடிமையா இருந்தது, இதையெல்லாம் காரணம் காட்டி ஓட்டுரிமைய மறுக்கக் கூடாதுன்னு சொல்லுது. 1965-ல கறுப்பின மக்களுக்காக மறுபடியும் ஓட்டுரிமைச் சட்டம்னு ஒண்ணு வருது. ஏற்கனவே குடுத்தத எதுக்குங்க 95 வருஷம் கழிச்சு திருப்பி குடுக்கணும்? இந்த ஒரு கேள்விய பிடிச்சுக்கிட்டு போங்க, சிலபஸ்ல பாதி தானா உள்ள வந்துரும்.

அடுத்து, கைடுல இருக்குற சுருக்கத்த விட்டுட்டு சட்டத்தோட வாசகத்தையே தேடிப் படிங்க, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், நேஷனல் ஆர்கைவ்ஸ் ரெண்டு வெப்சைட்லயும் நிறைய ஃப்ரீயாவே கெடைக்குது. லூசியானா மாநிலம் 1898-ல போட்ட சட்டத்த எடுத்துக்கோங்க. ஓட்டு போடணும்னா எழுதப் படிக்கத் தெரியணும், இல்ல சொத்து இருக்கணும். சரி, அப்போ படிக்காத ஏழை வெள்ளைக்காரன் என்ன பண்ணுவான்? அவனுக்கு ஒரு சலுகை, அப்பாவோ தாத்தாவோ 1867 ஜனவரி 1-லயோ அதுக்கு முன்னாடியோ ஓட்டுரிமை உள்ளவரா இருந்தா அவனுக்கு இந்த ரூல் கிடையாது. இப்ப அந்த தேதிய உத்துப் பாருங்க. தெற்குல கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுக்கு வழி விட்ட சட்டம் காங்கிரஸ்ல பாஸ் ஆனது 1867 மார்ச். ரெண்டு மாசம் முன்னாடி கோடு போட்டுட்டான்! நிறத்த பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, ஆனா எவன் உள்ள, எவன் வெளியன்னு தேதியே முடிவு பண்ணிருச்சு. அந்த மாநிலத்துல 1896-ல 1,30,000-க்கு மேல இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-ல 1,400 பேர் கூட இல்ல. இந்த தாத்தா ரூல சுப்ரீம் கோர்ட் 1915-ல ஓக்லஹோமா கேஸ்ல அடிச்சுது, ஆனா எழுத்தறிவு டெஸ்ட்டும் ஓட்டுக்கான தலைவரியும் அப்படியே நின்னுச்சு. 1965 எதுக்கு தேவைப்பட்டுச்சுன்னு இப்ப புரியுதா?

எந்த சட்டம் வந்தாலும் இப்படித்தான் படிக்கணும், எத தடுக்குது, எந்த சந்த திறந்து வெச்சிருக்கு. நான் கோட்ட விட்ட நியூ டீலும் அதே கதை தான். 1935-ல வந்த சோஷியல் செக்யூரிட்டி, அதாவது வயசானவங்களுக்கு பென்ஷன் மாதிரி குடுக்குற சட்டத்துல, விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்யறவங்களும் கிடையாது. இங்கயும் கறுப்புன்னு ஒரு வார்த்தை இல்ல, ஆனா அன்னிக்கு கறுப்பினத் தொழிலாளர்கள்ல பாதிக்கு மேல அந்த வேலைகள்ல தான் இருந்தாங்க.

டிப்ரஷன்ல, அதாவது அந்த 1930-கள் பொருளாதார வீழ்ச்சியில, பேங்க் கவுந்தது புரியலைனா நம்ம ஏரியா சீட்ட நெனச்சுக்கோங்க. சீட்டு பிடிக்கிற அக்கா ஓடப் போறாங்கன்னு எவனோ கிளப்பி விட்டா ஒரே நாள்ல எல்லாரும் வாசல்ல நிப்பாங்க, யார்கிட்டயும் அவ்ளோ காசு கையில இருக்காது, நல்ல அக்காவும் கவுந்துருவாங்க. 1933 மார்ச்ல ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்த உடனே நாட்டுல எல்லா பேங்கையும் மூடிட்டு, 12-ஆம் தேதி ரேடியோல வந்து உங்க காச பேங்க் பெட்டியில பூட்டி வெக்கிறதில்ல, கடனா வெளிய விடுதுன்னு பொறுமையா விளக்குனாரு, அப்புறம் பேங்க் திறந்ததும் ஜனங்க எடுத்த காச திருப்பி கொண்டு வந்து போட்டாங்க. அந்த ரேடியோ பேச்சு நெட்ல இருக்கு, ஒரு தடவ கேளுங்க.

கோல்டு வார் பகுதிக்கு இவ்ளோ மெனக்கெட வேணாம், வருஷம் வரிசையா தெரிஞ்சா போதும். ட்ரூமன் கொள்கை 1947, கொரியா போர் 1950, கியூபா ஏவுகணை நெருக்கடி 1962, வியட்நாம் போர பெருசாக்குன டோன்கின் வளைகுடா சம்பவம் 1964, வாட்டர்கேட்ல நிக்சன் ராஜினாமா 1974. வீட்ல டெய்லி காலண்டர்ல கிழிக்கிற தாள தூக்கிப் போடாம வெச்சு, பின்னாடி ஒரு பக்கம் வருஷம், கீழ ஒரே ஒரு "ஏன்". ட்ரெயின்ல தாம்பரம் டு பீச் போறதுக்குள்ள ரெண்டு ரவுண்டு ஓட்டிரலாம்.

குடியேற்றம் மட்டும் விட்டுராதீங்க, நம்ம ஆளுங்க கதை அது. 1923-ல பகத் சிங் திண்ட் கேஸ்ல இந்தியர் வெள்ளையர் இல்ல, அதனால குடியுரிமை கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 1946-ல வழி விட்டாங்க, எவ்ளோ? வருஷத்துக்கு 100 பேர். 1965-ல நாட்டு வாரி கோட்டா சட்டத்த மாத்துனதுக்கு அப்புறம் தான் உங்க தெருவுல யாரோ ஒரு மாமா நியூஜெர்சி போனாரு.

புக்குக்கு ஜெமினி பக்கம் அமெரிக்கன் லைப்ரரி, எழும்பூர்ல கன்னிமாரா. கன்னிமாரா திறந்தது 1896, வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனியா ஆனா சமமா வெச்சா தப்பில்லன்னு பிளெஸ்ஸி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததும் 1896, எனக்கு அந்த வருஷம் இனி செத்தாலும் மறக்காது. அத ஒடச்ச பிரவுன் தீர்ப்பு 1954.

எழுதும்போது மொத ரெண்டு வரியிலயே பதில சொல்லிருங்க, "அமெரிக்கா ஒரு மாபெரும் நாடு"ன்னு ஆரம்பிச்சா திருத்தறவருக்கு கடுப்பாகும். அப்புறம் பேர முழுசா எழுதுங்க. ரூஸ்வெல்ட் ரெண்டு பேரு, ஜான்சனும் ரெண்டு பேரு. 1867-ல அந்த மார்ச் சட்டத்த வேணாம்னு வீட்டோ போட்டவரு ஆன்ட்ரூ ஜான்சன், அத மீறி தான் காங்கிரஸ் பாஸ் பண்ணுச்சு. 1965-ல ஓட்டுரிமைச் சட்டத்துல கையெழுத்து போட்டவரு லிண்டன் ஜான்சன். நான் மொத தடவ எழுதுனப்போ ஆன்ட்ரூவ விட்டே கையெழுத்து போட வெச்சுட்டேன்.