ஓட்டோகாட்டில் டெம்ப்ளேட் வராவிட்டால்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பிரதேச சபைக்கு ஓட்டோகாட் மென்பொருளில் வீட்டுப் பிளான் வரைகிறவர்கள் தலைப்புப் பெட்டி, லேயர், எழுத்தளவு எல்லாம் போட்ட டெம்ப்ளேட் ஒன்று வைத்திருப்பார்கள். புதுப் படம் திறக்கும்போது அது வராமல், கோப்பைக் காணவில்லை என்று வந்தால் ஓட்டோகாட்டை அழித்துத் திரும்பப் போட்டு மினக்கெட வேண்டாம். கோப்பு ஓரிடத்தில் இருக்க, மென்பொருள் வேறிடத்தில் தேடுகிறது.

பெரும்பாலும் காரணம் பென் டிரைவ். நேற்று ‘ஈ’ டிரைவ் என்று ஏறியது இன்று ‘எஃப்’ என்று ஏறும்; ஓட்டோகாட்டில் பதிந்திருக்கும் பாதையில், அதாவது கோப்பு இருக்கும் இட விலாசத்தில், பழைய எழுத்தே கிடக்கும். வின்டோஸைப் புதிதாகப் போட்டுப் பயனர் பெயர் மாறினாலும் இதே கதைதான்.

1. ‘டி’ டிரைவில் ஒரு கோப்புறை திறவுங்கள். உங்கள் படத்தை ஓட்டோகாட்டில் திறந்து, ‘சேவ் அஸ்’ கொடுத்து, வகையை ‘டிடபிள்யூடி’ (டெம்ப்ளேட் கோப்பு) ஆக்குங்கள். இங்கேதான் பலர் சறுக்குவது. வகையை மாற்றிய உடனே ஜன்னல் தானாகவே ஓட்டோகாட்டின் சொந்த டெம்ப்ளேட் கோப்புறைக்குத் தாவிவிடும். அது பயனர் பெயருக்குள், ‘அப்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கிறது. அங்கே சேமித்துவிட்டுப் பிறகு தேடினால் கண்ணில் படாது. ‘டி’ டிரைவுக்குத் திரும்பி வந்து சேமியுங்கள். அடுத்து வரும் சிறு பெட்டியில் ‘மெட்ரிக்’.

2. கட்டளை வரியில் ‘ஒப்ஷன்ஸ்’ தட்டி, ‘ஃபைல்ஸ்’ பக்கத்தில் ‘டெம்ப்ளேட் செட்டிங்ஸ்’ஐ விரியுங்கள்.

3. ‘ட்ரோயிங் டெம்ப்ளேட் ஃபைல் லொக்கேஷன்’ கேட்பது கோப்புறையை. ‘டிஃபோல்ட் டெம்ப்ளேட் ஃபைல் நேம் ஃபோர் கியூநியூ’ கேட்பது கோப்பையே. ‘கியூநியூ’ என்பது அந்தக் கோப்பை வைத்து நேரே புதுப் படம் திறக்கும் கட்டளை. முதலாவதை மட்டும் திருத்தினால் ஒவ்வொரு முறையும் எந்த டெம்ப்ளேட் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் ‘ப்ரவுஸ்’ அழுத்தியே காட்டுங்கள். கையால் தட்டினால் ஓர் இடைவெளி கூடினாலும் பாதை பிழைக்கும். ‘அப்ளை’, ‘ஓகே’.

‘கியூநியூ’ கொடுத்துப் பாருங்கள். ‘நியூ’ கொடுத்தால் டெம்ப்ளேட் எது என்று கேட்கத்தான் செய்யும், அது பிழையல்ல. ஜன்னலே வராமல் கட்டளை வரியில் கேட்டால், அங்கேயே ‘ஃபைல்டயா’ என்று தட்டி அந்த அமைப்பை 1 ஆக்குங்கள்.

சொந்த டெம்ப்ளேட் இல்லாதவர்கள் ஓட்டோகாட்டோடு வரும் ‘அகாட்ஐஎஸ்ஓ’ டெம்ப்ளேட்டைக் கொடுங்கள். வெறும் ‘அகாட்’ அங்குலக் கணக்கு. மில்லிமீட்டரில் வரைகிற பிளானுக்குச் சரிவராது.

வின்டோஸை மாற்றுமுன் ‘ஒப்ஷன்ஸ்’இல் ‘ப்ரொஃபைல்ஸ்’ பக்கம் போய் ‘எக்ஸ்போர்ட்’ செய்யுங்கள். அதில் பாதைகள்தான் பதியும், டெம்ப்ளேட் பதியாது; ஆகவே ‘டி’யிலுள்ள கோப்புறையையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.