கேள்விக்கு விலாசம் எழுதுங்கள்: பட்டாளத்து ஊரில் போரைப் பற்றிக் கூட்டம் போடுவது எப்படி

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர். இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்று போரைப் பற்றிப் பேசினாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு மிலிட்டரி வீடு இருக்கும். கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் "இந்தச் சண்டை தேவைதானா?" என்று கேட்டால், "எம் பையன் அங்க நிக்கிறான், நீ இங்க டீ குடிச்சிட்டுக் கேக்கிறியா?" என்று பதில் வரும். அதற்குப் பிறகு பேச்சு நகராது. கேட்டவரும் துரோகி இல்லை, கோபப்பட்டவரும் போர்வெறியர் இல்லை. டெல்லிக்குப் போக வேண்டிய கேள்வியை விலாசம் எழுதாமல் போட்டதால் அது பக்கத்து வீட்டு வாசலில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நூலகத்திலோ, பள்ளிக்கூடத்திலோ, கல்யாண மண்டபத்திலோ இதைப் பற்றி ஒரு கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. டீக்கடைப் பேச்சுக்கும் பாதி பொருந்தும்.

முதல் வேலை: கேள்வியை நாலாகப் பிரிப்பது

போர் என்ற ஒரே சொல்லுக்குள் நாலு விஷயம் கிடக்கிறது. நாலுக்கும் விலாசம் வேறு.

ஒன்று, முடிவு. படையை அனுப்பலாமா, எப்போது, எதுவரை என்று தீர்மானிப்பது பிரதமர் தலைமையிலான பாதுகாப்பு அமைச்சரவைக் குழு. பாதுகாப்பு, உள்துறை, நிதி, வெளியுறவு அமைச்சர்கள் அதில் இருப்பார்கள். நாடாளுமன்றத்தில் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று நம் அரசியல் சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனாலேயே பின்னால் கேட்கப்படும் கேள்விக்கு மதிப்பு கூடுகிறது.

இரண்டு, தயாரிப்பு. உளவுத் தகவல், ஆயுதம், உடுப்பு, சாப்பாடு. சியாச்சின் போன்ற உயரமான இடங்களில் நிற்பவர்களுக்குப் பனிக் கண்ணாடியும் பூட்ஸும் வாங்குவதில் நடந்த தாமதத்தைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதிய அறிக்கை 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சிப்பாயின் தட்டில் இருக்க வேண்டிய கலோரி குறைந்ததைக்கூட அது சொல்லியது. அதைக் கேட்டால் படைக்கு எதிரான பேச்சு என்று யார் சொல்வார்கள்? கூட்டத்தை இந்த இரண்டாம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். முன்னாள் படைவீரர்கள்தான் முதல் ஆளாகப் பேசுவார்கள்.

மூன்று, நடத்தை. களத்தில் தவறு நடந்ததா, விசாரணை உண்டா? இது அந்தக் குறிப்பிட்ட சம்பவத்துக்கும், அதற்கு உத்தரவிட்டவருக்கும், ராணுவச் சட்டத்துக்கும் போக வேண்டிய கேள்வி. உடுப்புப் போட்ட எல்லாருக்கும் பொதுவாக அனுப்பக் கூடாது. அதே சமயம், படையை மதிக்கிறோம் என்று சொல்லி இந்தக் கேள்வியை மூடி வைப்பதும் சரியில்லை. ஒழுங்காக வேலை பார்த்துத் திரும்பியவருக்குத்தான் அதனால் நஷ்டம்.

நாலு, ஆள். சம்பளம், பென்ஷன், வைத்தியம், இறந்தால் குடும்பத்துக்கு என்ன. 2022 ஜூன் 14ஆம் தேதி அறிவித்த அக்னிபத் திட்டம் இங்கே வரும்: நாலு வருடப் பணி, அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தர வேலை, நாலு வருடத்தோடு வெளியேறுபவருக்குப் பென்ஷன் இல்லை.

"அவர்தானே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தார்" என்று யாராவது கிளப்புவார்கள். சேர்ந்தது பணிக்கு. எந்தப் போர் என்று பொறுக்கி எடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி மேலதிகாரியின் ஆணையை வேண்டுமென்றே மீறினால் 14 வருடம் வரை சிறை. முடிவெடுக்காதவரிடம் முடிவுக்குக் கணக்குக் கேட்பதில் நியாயம் இல்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில் 1914-18 மகா யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கிறது. அந்த யுத்தத்தை அறிவித்தது லண்டன். கல்லில் இருக்கும் எண்ணிக்கை நம் ஊருடையது.

நடக்கும் போரைப் பற்றியா, முடிந்ததைப் பற்றியா?

முதல் கூட்டத்துக்கு முடிந்த போரையே எடுங்கள். கார்கில் நல்ல தேர்வு. 1999 ஜூலை கடைசியில் அரசே கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஊடுருவல் ஏன் முன்னாலேயே தெரியவில்லை என்று கேட்டதற்காக அந்தக் குழுவை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. மலையில் ஏறிச் சண்டை போட்டவர்களின் பெருமையும் குறையவில்லை.

"சண்டை நடக்கும்போது வாயை மூடணும்" என்பவருக்கு 1962ஐச் சொல்லலாம். சீனப் போர் நடந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 8ஆம் தேதி நாடாளுமன்றம் கூடியது. கூட்டச் சொல்லி வலியுறுத்தியவர்களில் வாஜ்பாயும் ஒருவர். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் அதற்குள் அமைச்சரவையை விட்டே விலக வேண்டி வந்திருந்தது. எல்லையில் துப்பாக்கி ஓயவில்லை, சபையில் கேள்வியும் ஓயவில்லை.

இந்த வட்டாரத்தில் மிகக் கவனமாகத் தொட வேண்டியது இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படை விவகாரம். 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம், அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் சண்டை, 1990 மார்ச் 24இல் கடைசிக் குழுவும் திரும்பியது. நம் பக்கம் இறந்தவர்கள் சுமார் 1,200 பேர். சென்னையில் வந்து இறங்கியவர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் செத்த தமிழர்களுக்காக எடுத்த நிலைப்பாடு அது என்று ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். உத்தரவுக்குப் போனவன் முகத்தில் அடித்த மாதிரி என்று மறு சாரார். அமைதிப்படை புகுந்த யாழ்ப்பாண மருத்துவமனையில் 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் நோயாளிகளும் ஊழியர்களும் கொல்லப்பட்டது உண்மை. அடுத்த மாதம் நெஞ்சில் குண்டு வாங்கியபடி எதிரியின் துப்பாக்கியைப் பறித்துத் திருப்பிச் சுட்டு இறந்து, பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர் என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே கூட்டத்தில் சொல்ல முடிய வேண்டும். ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைத்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், அதுவும் நியாயம்தான்.

வேலூரைச் சுற்றி அமைதிப்படையில் இருந்து வந்தவர்களும் உண்டு, மேல்மொணவூர் போன்ற முகாம்களில் இலங்கைத் தமிழர் குடும்பங்களும் உண்டு. இரு தரப்பையும் முன்னறிவிப்பு இல்லாமல் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். முதல் வாரம் ஒரு தரப்பு, அடுத்த வாரம் மறு தரப்பு. இரண்டிலும் எழுதி வாங்கிய கேள்விகளை அடுக்கிப் பார்த்தால் பல சீட்டுகள் ஒரே விலாசத்துக்கு வந்திருக்கும்: புலிகள் எதிர்ப்பார்களா, எவ்வளவு எதிர்ப்பார்கள் என்று கணித்தவர் யார், கணிப்பு ஏன் தவறியது? மூன்றாவது கூட்டத்தில் சேர்த்து உட்கார வைக்க அது ஒரு பிடிமானம். அப்போதும் வர மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம்.

கூட்டத்தன்று

நாற்பது பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மணி நேரம். மேடை போடாமல் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடத்த ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர். ஆளுக்கு மூன்று நிமிடம், எல்லாரும் ஒரு சுற்றுப் பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு இல்லை. எல்லாரும் மூன்று நிமிடமும் பேசினால் இரண்டு மணி ஆகிவிடுமே என்று கணக்குப் போட வேண்டாம். பத்துப் பதினைந்து பேர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல்தான் இருப்பார்கள்.

சீட்டு என்பது ஏ4 தாளில் கால் பங்கு. வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். மூன்று வரி: யாரைக் கேட்கிறேன், எந்தத் தேதியின் எந்த முடிவைப் பற்றி, என்ன கேட்கிறேன். "ஏன் நம்ம பசங்க சாகணும்?" என்பது வயிற்றெரிச்சல். அதை முதல் வரி எழுத வைத்தாலே கேள்வியாகிவிடும். முதல் வரி காலியாக வரும் சீட்டைப் படிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

தெலுங்கு வீட்டாரும் வருவார்கள். போருக்கு யுத்தம் என்றே சொல்லிவிடலாம், இரு மொழிக்கும் பொது. நம் பட்டாளம் அங்கே படாலம். உருதுக்காரர்களுக்கு உதவ ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

லீவில் வந்திருக்கும் பணியிலுள்ளவரைப் பேச அழைக்கவே கூடாது. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 20, 21 இரண்டும் அரசியல் கூட்டத்துக்கும் பத்திரிகைப் பேச்சுக்கும் தடை போடுகின்றன. நீங்கள் மரியாதைக்காக மைக்கைக் கொடுப்பீர்கள், அவருக்கு யூனிட்டில் விசாரணை வரும். போட்டோகூட வேண்டாம். ஓய்வுபெற்ற சுபேதார், ஹவில்தார்களை அழைக்கலாம், முதல் நாளே வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு. மனைவிமாரிடம் "வீட்டுக்காரர் இப்ப எங்க போஸ்டிங்?" என்று கூட்டத்தில் கேட்பது நல விசாரிப்பு இல்லை, ஆபத்து.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஊரிலோ பக்கத்து ஊரிலோ மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வந்திருந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கூட்டம் கிடையாது. இறந்தவர் படத்தை நோட்டீஸில் போடக் குடும்பத்தாரின் சம்மதம் வேண்டும். அப்பா சம்மதித்து மனைவி மறுத்தால் போடக் கூடாது.

எங்கே கெடும்

பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் கெடும்.

"சம்பளத்துக்குத்தானே போனாங்க." இதைச் சொன்னவர் அன்று மாலை முழுவதும் வேறு எதைச் சொன்னாலும் எடுபடாது. நடத்துபவர் உடனே இடைமறித்து, "இது ஆளைப் பற்றிய பேச்சு. முடிவைப் பற்றி ஏதாவது இருந்தால் சொல்லுங்க" என்று திருப்ப வேண்டும்.

"நீ எந்த நாட்டுக்காரன்?" இதற்குத் தேசபக்தியை நிரூபித்துப் பதில் சொல்லத் தொடங்கினால் தொலைந்தீர்கள். "அண்ணே, என் சீட்டுல முதல் வரியைப் படிங்க, யாரைக் கேட்டிருக்கேன்னு பாருங்க" என்பது போதும். கோபத்தில் இருப்பவர் மிலிட்டரி வீட்டுக்காரர் என்றால் வாதம் செய்யாமல் அவரையே அடுத்து மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். பாதிக் கோபம் பயம்தான். பேசினால் இறங்கும்.

மூன்றாவதுதான் மோசமானது: முஸ்லிம் ஒருவரைப் பார்த்து "நீங்க முதல்ல சொல்லுங்க பாய், பாகிஸ்தானைப் பத்தி" என்பது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இது வரும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும். இங்கே நாசூக்கு பார்க்காதீர்கள். பேச்சை நிறுத்தி, கேட்டவரிடம் சீட்டைத் திருப்பி வாங்குங்கள். மீண்டும் வந்தால் கூட்டத்தை முடித்துவிடுங்கள்.

சட்டத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அரசின் நடவடிக்கையைச் சட்டப்படியான வழியில் மாற்றக் கோரி விமர்சிப்பதை, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவே விளக்கக் குறிப்பில் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் படைவீரரைக் கடமை தவறத் தூண்டும் நோக்கில் பொய்யோ வதந்தியோ பரப்பினால் 353ஆம் பிரிவு பாயும். "போகாதே, துப்பாக்கியைக் கீழே போடு" என்ற தொனி வேண்டவே வேண்டாம். ராணுவ வண்டி, ரயிலில் போகும் பீரங்கி ஆகியவற்றின் வீடியோவை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவுத் தடையுத்தரவு (பழைய 144) அமலில் இருந்தால் தள்ளிவையுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி, இரவு 10 மணிக்குள் முடிவு.

கூட்டம் முடிந்த பிறகு

சீட்டுகளை நாலு கவரில் பிரியுங்கள். முடிவு, தயாரிப்பு பற்றியவை தொகுதி எம்.பி.க்கு, ஸ்பீடு போஸ்ட்டில், ரசீதோடு. மக்களவையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே போய்ச் சேர வேண்டும். எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுத்துவிடுவார்கள். வாங்கியது எப்போது, தாமதம் எவ்வளவு, இழப்பீடு யாருக்கு வந்து சேரவில்லை என்று கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

நடத்தை பற்றிய மூன்றாவது கவருக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ராணுவத்திடமும் கேட்கலாம். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். போன்றவற்றிடம் ஊழல், மனித உரிமை மீறல் பற்றி மட்டுமே கேட்க முடியும். நம் ஊரில் இரண்டையும் மிலிட்டரி என்றே சொல்லிப் பழகியதால் விண்ணப்பங்கள் இங்கேதான் திரும்பி வருகின்றன.

நாலாவது கவர் ஆட்களுக்கானது. ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறைப் பென்ஷன் இணையதளத்தில் உயிர்வாழ் சான்று பதியத் தெரியாத பாட்டி, கணவர் பெயரில் ஒரு எழுத்து மாறியதால் குடும்ப பென்ஷன் நின்றவர், வைத்திய அட்டைக்கு அலைபவர். இவர்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போக இரண்டு பேரை அங்கேயே பெயர் எழுதி வாங்குங்கள். கூட்டத்தில் போரைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவர் அதில் ஒருவராக இருக்கட்டும். போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, ஆதார், வங்கிப் புத்தகம் நாலிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பஸ் காசும் வீண், பாட்டியின் முழங்காலும் வீண்.